அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்களும் இளமை நினைவேக்கமும்: அமெரிக்கச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1930–2004)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் 1930 முதல் அறிவியல் புனைகதை வாசகர்கள் தாங்களே எழுதி, தாங்களே படியெடுத்து, தங்களுக்குள் அஞ்சலில் பரிமாறிக்கொண்ட சிற்றிதழ்கள் ரசிகர் இதழ்கள் எனப்படுகின்றன. அவற்றை நடத்தியோரில் பலர் பதின்பருவத்தினர். அவர்கள் முதிர்ந்தபோது அவ்விதழ்கள்மீது கொண்ட நினைவேக்கம் வெறும் உணர்ச்சியாக நின்றுவிடவில்லை. வரலாற்று நூல்களாகவும் தன்வரலாறுகளாகவும் சங்கங்களாகவும் சேகரிப்புகளாகவும் அது உருப்பெற்றது. இந்நினைவேக்கம் எவற்றைக் காப்பாற்றியது, எவற்றைக் கைவிட்டது, அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, ரசிகர் இதழ், நினைவேக்கம், நினைவுக்குறிப்பு, சிற்றிதழ் வரலாறு, ஆவணக் காப்பகம்.

முன்னுரை

இதழியல் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பதிப்பகத்தின் கணக்கேடு, விற்பனைப் பதிவு, அரசின் பதிவேடு, நூலகத்தின் தொகுப்பு ஆகியன அதற்குத் துணையாகின்றன. இவை எவையும் இல்லாத ஓர் இதழ்மரபின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்பது எளிதில் விடைகாண இயலாத வினா. அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்கள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன. ஐம்பது படிகளோ இருநூறு படிகளோ வெளிவந்து, வீட்டு மேசைமீதும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்து, தாளின் நலிவாலோ வீடு மாறும்போது தூக்கியெறியப்பட்டோ அழிந்த இதழ்கள் இவை. நூலகங்கள் நெடுங்காலம் இவற்றைச் சேர்க்கவில்லை. எனினும் இவற்றைப் பற்றி இன்று விரிவான வரலாறு கிடைக்கிறது. அதனைத் தந்தவர்கள் தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அல்லர். சிறுவயதில் அவ்விதழ்களைக் கையில் ஏந்தியவர்களே.

நினைவேக்கத்தை ஐயுறுவது வரலாற்றாய்வின் வழக்கம். கடந்த காலத்துக்கு அது பொன்முலாம் பூசுகிறது, கசப்பை மறக்கச் செய்கிறது என்பன பொதுவான குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல. ஆனால், ஏக்கம் இல்லையேல் இத்துறையில் ஆராய்வதற்குச் சான்றே எஞ்சியிராது என்பதும் உண்மை. சான்றைக் காத்த கையே சான்றைத் திரித்த கையுமாக இருக்கும் நிலையை எதிர்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நினைவேக்கம்: சொல்லும் கருத்தும்

நினைவேக்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் மருத்துவத்துறையில் பிறந்தது. 1688இல் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் அதனைப் படைத்தார். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. பிறமண்ணில் வாழ நேர்ந்தோரைப் பீடித்த நோயையே அவர் அச்சொல்லால் சுட்டினார். பின்னாளில் நோய் என்னும் பொருள் தேய்ந்தது. இடத்தைப் பற்றிய ஏக்கம் காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறியது.

ஸ்வெத்லானா போய்ம் 2001இல் வெளியிட்ட நினைவேக்கம் குறித்த நூலில் இதனை இரு வகைப்படுத்தினார். இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட விழைவது ஒன்று. மீளாது என்றறிந்தே அவ்விழப்பின்மீது எண்ணத்தைச் செலுத்துவது மற்றொன்று. முன்னதை மீட்டமைப்பு ஏக்கம் என்றும், பின்னதைச் சிந்தனை ஏக்கம் என்றும் தமிழில் வழங்கலாம். ரசிகர் இதழ்களைப் பற்றிய எழுத்துகளில் இவ்விரண்டும் காணப்படுகின்றன. பல வேளைகளில் ஒரே எழுத்தாளரிடத்திலேயே காணப்படுகின்றன.

இத்துறைக்கே உரிய முரண் ஒன்றையும் இங்குச் சுட்டவேண்டும். எதிர்காலத்தைக் கனவுகண்ட இலக்கியத்தின் வாசகர்களே இறந்தகாலத்தை மிகுந்த பற்றோடு சேமித்தவர்கள். அறிவியல் புனைகதையின் பொற்காலம் எதுவெனில் வாசகரின் பன்னிரண்டு வயதே எனப் பொருள்படும் சொலவடை ஒன்று இவ்வட்டத்தில் வழங்குகிறது. பீட்டர் கிரஹாம் என்ற ரசிகர் கூறியதாகச் சொல்லப்படும் அது, ரசிகர் இதழ் ஒன்றிலேயே தோன்றியது. பொற்காலம் என்பது ஆண்டுக்கணக்கில் இல்லை, வயதில் இருக்கிறது என்ற இவ்வெள்ளல், ஏக்கத்தில் ஆழ்ந்தோர் அதன் இயல்பை உணர்ந்தே இருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

2. கடிதப் பகுதியிலிருந்து இதழுக்கு (1926–1933)

லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழாக அது கருதப்படுகிறது. ரசிகர் இயக்கத்தின் வரலாற்றில் அதன் கதைகளைவிட அதன் கடிதப் பகுதியே முதன்மை பெறுகிறது. கடிதம் எழுதியோரின் முழு முகவரியும் அங்கு அச்சிடப்பட்டது. சிற்றூர்களில் தனித்து வாசித்துக்கொண்டிருந்த சிறுவர்கள், தம்மைப் போன்றோர் வேறிடங்களிலும் உள்ளனர் என அறிந்தது அம்முகவரிகளால்தான். அவர்கள் இதழாசிரியருக்கு எழுதுவதோடு நில்லாமல் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர்.

அக்கடிதத் தொடர்புகள் சங்கங்களாயின; சங்கங்கள் இதழ் கண்டன. 1930 மே மாதத்தில் 'தி காமெட்' வெளிவந்தது. ரேமண்ட் பாமர் இதன் ஆசிரியர். முதல் அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் என இது பொதுவாக ஏற்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் 'சயன்சியர்ஸ்' சங்கத்தார் 'தி பிளானெட்' இதழை வெளியிட்டனர். 1932 ஜனவரியில் தொடங்கிய 'தி டைம் டிராவலர்' இதழில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், மார்ட் வைசிங்கர், ஃபாரஸ்ட் அக்கர்மன் ஆகியோர் பங்குகொண்டனர். முன்னிருவரும் அப்போது பதினாறு வயதினர். அக்கர்மன் பதினைந்து வயதினர். கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற பள்ளி மாணவர் இருவர் 'சயன்ஸ் ஃபிக்ஷன்' என்னும் இதழை நடத்தினர். 1933 ஜனவரியில் வெளிவந்த அதன் மூன்றாம் இதழில் சூப்பர்மேன் என்னும் பெயர் ஒரு கதையில் இடம்பெற்றது. அக்கதையின் பாத்திரம் தீயவன். 1938இல் சித்திரக்கதையில் தோன்றிப் புகழ்பெற்ற நாயகன் அப்பெயரையே பெற்றான்.

வணிக இதழ்களும் இச்சிறுவர்களைக் கவனித்தன. சார்லஸ் ஹோர்னிக் 1933இல் 'தி ஃபேண்டசி ஃபேன்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. அதனைக் கண்ட கெர்ன்ஸ்பேக் அவரையே தம் 'வொண்டர் ஸ்டோரிஸ்' இதழின் பொறுப்பாசிரியராக அமர்த்தினார். லவ்கிராஃப்ட் தம் அச்ச இலக்கியம் பற்றிய நெடுங்கட்டுரையின் திருத்திய வடிவைத் தொடராக வெளியிட்டதும் ஹோர்னிக்கின் இதழில்தான். வாசகன், எழுத்தாளன், பதிப்பாசிரியன் ஆகிய மூவருக்கும் இடைப்பட்ட சுவர் இங்கு மெல்லியதாக இருந்தது. பிற்கால நினைவுக்குறிப்புகள் மீண்டும் மீண்டும் திரும்பிவரும் இடம் இதுவே. அவர்கள் ஏங்கியது இதழுக்காக மட்டுமன்று. பதினைந்து வயதில் தம் குரல் செவிமடுக்கப்பட்ட நிலைக்காகவும்தான்.

3. படியெடுக்கும் முறையும் கைம்மாறும்

இவ்விதழ்களின் பொருள்வடிவை அறியாமல் அவற்றின்மீதான ஏக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது. பலர் கைக்கொண்ட முறை ஹெக்டோகிராஃப். சிறப்பு மையால் எழுதிய அல்லது தட்டச்சுச் செய்த தாளை ஜெலட்டின் பரப்பிய தட்டின்மீது பதித்தால் மை அப்பரப்பில் இறங்கும். பின் வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் அழுத்தி எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஐம்பது படிகளுக்குள் எழுத்து மங்கிவிடும். மற்றொரு முறை மிமியோகிராஃப். தமிழ் வாசகர்கள் சைக்ளோஸ்டைல் என அறிந்த முறையின் இனமே அது. மெழுகு பூசிய ஸ்டென்சிலில் தட்டச்சு எழுத்துகள் துளையிட, உருளையிலிருந்து மை அத்துளைகள் வழியே தாளில் இறங்கும். நூற்றுக்கணக்கான படிகளை இதனால் எடுக்கலாம். படியெடுத்த பக்கங்களை மேசையைச் சுற்றி அடுக்கி, நண்பர்கள் சுற்றிவந்து ஒவ்வொரு தாளாக எடுத்துச் சேர்த்துத் தைப்பது ஒரு சிறு விழாவாகவே நடந்தது.

ரசிகர் இதழுக்கு விலை குறிக்கப்பட்டாலும் பணம் கொடுத்தே அதைப் பெறவேண்டும் என்றில்லை. தம் இதழை அனுப்பிப் பிறர் இதழைப் பெறலாம். கட்டுரையோ படமோ தரலாம். வந்த இதழைப் படித்து விரிவான கருத்துக் கடிதம் எழுதலாம். டொனால்ட் வோல்ஹெய்ம் 1937இல் நிறுவிய ஃபேண்டசி அமெச்சூர் பத்திரிகைச் சங்கம் இப்பரிமாற்றத்தை ஒழுங்குபடுத்தியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இதழின் படிகளைப் பொறுப்பாளருக்கு அனுப்புவர். அவர் அனைத்தையும் கட்டுகளாக்கி அனைவருக்கும் அஞ்சலிடுவார். ரசிகர் இதழைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'ஃபேன்சின்' என்னும் சொல்லை 1940 அக்டோபரில் லூயிஸ் ரஸல் ஷோவனே தம் இதழில் படைத்தார். கைம்மாறே நாணயமாக இருந்த இவ்வமைப்பில் ஒவ்வோர் இதழும் ஒரு கடிதத்தின் தன்மையைப் பெற்றது. தனக்கென எழுதப்பட்ட கடிதத்தை எவரும் எளிதில் எறிவதில்லை. இவ்விதழ்கள் ஓரளவேனும் தப்பியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வால்ட் வில்லிஸும் பாப் ஷாவும் 1954இல் எழுதிய 'தி என்சான்டட் டூப்ளிகேட்டர்' இவ்வுழைப்பையே உருவகக் கதையாக்கியது. குறையற்ற ஒரு ரசிகர் இதழை வெளியிட விழையும் இளைஞனின் நெடும்பயணம் அதன் பொருள். படியெடுக்கும் பொறியே தேடிச் செல்லும் அரும்பொருளாக அதில் நிற்கிறது. மிமியோகிராஃப் அன்றாடப் பயன்பாட்டில் இருந்தபோதே அதன்மீது புனிதம் ஏற்றப்பட்டுவிட்டது என்பது நோக்கத்தக்கது.

4. ஏக்கம் வரலாறாதல்

முதல் ரசிகர் இதழ் வெளிவந்து ஒன்பதே ஆண்டுகளில், 1939இல், ஜாக் ஸ்பியர் ரசிகர் இயக்கத்தின் வரலாற்றை எழுதினார். பதின்பருவத்தினருக்கு ஒன்பது ஆண்டு என்பது வாழ்நாளில் பாதி. ஆகவே அவ்விளைஞர்கள் மிக விரைவிலேயே தம்மை ஒரு மரபின் வழித்தோன்றல்களாகக் கருதினர். ஸ்பியர் 1944இல் இவ்வட்டத்தின் சொற்களுக்கும் நிகழ்வுகளுக்கும் ஒரு கலைக்களஞ்சியமும் தொகுத்தார்.

சாம் மாஸ்கோவிட்ஸ் எழுதிய 'தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்' இத்துறையின் முதல் பெருநூல். லாங்லி சேர்ல்ஸ் நடத்திய 'ஃபேண்டசி காமென்டேட்டர்' என்னும் ரசிகர் இதழில் 1945 முதல் தொடராக வந்து, 1954இல் நூலாயிற்று. 1930களின் சங்கங்களையும் பூசல்களையும் அது நுணுக்கமாகப் பதிவுசெய்கிறது. சிறுவர்களின் சச்சரவுகளைப் பேரரசுகளின் போர்போல விவரிப்பதாக நகைக்கப்பட்டாலும், அந்நூல் திரட்டிய தரவுகளின்றிப் பின்வந்த எவரும் எழுதவில்லை. போய்மின் வகைப்பாட்டில் இது மீட்டமைப்பு ஏக்கத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. எழுதியவர் பூசலில் ஒரு தரப்பினர் என்பதை மறக்கலாகாது.

ஹேரி வார்னர் இதற்கு மாறானவர். மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் செய்தியாளராக வாழ்ந்த அவர், பதினைந்தாம் வயதில் 1938இல் 'ஸ்பேஸ்வேஸ்' இதழைத் தொடங்கினார். ஊரைவிட்டு அரிதாகவே வெளிச்சென்ற அவருக்கு ரசிகர் உலகம் என்பது அஞ்சலில் வந்த தாள்களே. 1969இல் வெளிவந்த அவரது 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' நூல் 1940களை ஆராய்கிறது. 1950களைப் பற்றிய 'எ வெல்த் ஆஃப் ஃபேபிள்' பின்னர் வந்து 1993இல் ஹ்யூகோ விருது பெற்றது. நேரில் காணாத நிகழ்வுகளை இதழ்களையும் கடிதங்களையும் ஒப்பிட்டு எழுதியமையால் அவரிடம் நிதானம் கூடியது. தனிமையே அவருக்கு ஆய்வுமுறையைத் தந்தது எனில் மிகையாகாது.

நூல்களோடு அமைப்புகளும் தோன்றின. 1958இல் உருவான 'ஃபர்ஸ்ட் ஃபேண்டம்' சங்கத்தில் 1938க்கு முன்பே ரசிகராக இயங்கியோர் மட்டுமே தொடக்கத்தில் சேரமுடிந்தது. இளமையின் ஓராண்டை வாயிற்படியாக வைத்து அமைந்த சங்கம் இது. பின்னர் ரிச் லின்ச், நிக்கி லின்ச் இணையர் 1982 முதல் 2003 வரை முப்பது இதழ்களாக நடத்திய 'மிமோசா' மூத்த ரசிகர்களின் நினைவுக்குறிப்புகளைக் கேட்டுப்பெற்று வெளியிட்டது. ரசிகர் இதழைப் பற்றிய ஏக்கத்துக்கு ரசிகர் இதழே களமாகிய இம்முயற்சி ஆறு முறை ஹ்யூகோ விருது பெற்றது.

5. 1939: ஒரே நிகழ்வு, பல நினைவுகள்

நினைவுக்குறிப்பின் பயனையும் எல்லையையும் ஒரே நிகழ்வைக் கொண்டு சோதிக்கலாம். 1939 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. மாஸ்கோவிட்ஸ் அதன் தலைவர், வயது பத்தொன்பது. எதிரணியான 'ஃபியூச்சரியன்ஸ்' குழுவைச் சேர்ந்த அறுவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். வோல்ஹெய்ம், ஃபிரெடரிக் போல், ராபர்ட் லவுண்டெஸ், ஜான் மிச்செல், சிரில் கோர்ன்புளூத், ஜாக் கில்லெஸ்பி ஆகியோரே அவ்வறுவர். கோர்ன்புளூத்துக்கு அப்போது பதினாறு வயதே.

தடைக்கு உடனடிக் காரணமாக மாநாட்டு அரங்கில் கண்டெடுக்கப்பட்ட துண்டறிக்கைகள் சுட்டப்பட்டன. மாஸ்கோவிட்ஸின் நூல் மாநாட்டைக் காக்கும் கடமையின் வழியே இந்நிகழ்வைச் சொல்கிறது. டேமன் நைட் 1977இல் எழுதிய 'தி ஃபியூச்சரியன்ஸ்' நூலும், போல் 1978இல் வெளியிட்ட தன்வரலாறும் மறுதரப்பின் பார்வையை முன்வைக்கின்றன. ஐசக் அசிமோவும் அக்குழுவினரே. ஆனால் அவர் தடுக்கப்படவில்லை, உள்ளே சென்றுவிட்டார். நண்பர்கள் வெளியே நிற்கத் தாம் உள்ளிருந்தமை குறித்த உறுத்தலை அவர் பின்னர் எழுதினார். துண்டறிக்கையை அச்சிட்டவர் டேவ் கைல். அவரும் உள்ளேதான் இருந்தார். அதற்குத் தாமே பொறுப்பு என்பதை அவர் பிற்காலத்தில் விரிவாக எழுதினார்.

இவ்வெழுத்துகளை ஒப்புநோக்கின் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, நிகழ்வின் எலும்புக்கூட்டில் இவை ஒன்றுபடுகின்றன. நாள், இடம், தடுக்கப்பட்டோர் பெயர் ஆகியவற்றில் பெரிய மாறுபாடு இல்லை. நோக்கத்தையும் பழியையும் பற்றியே இவை வேறுபடுகின்றன. இரண்டாவது, பின்னாளில் எழுந்த நினைவுக்குறிப்பு, முன்னாளில் எழுந்த வரலாற்றைத் திருத்துகிறது. காலத்தால் அண்மையில் இருப்பதே நம்பத்தக்கது என்னும் பொதுவிதி இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. பூசல் சூடாக இருந்தவரை கைல் போன்றோரின் பொறுப்பேற்புக்கு இடமில்லை. முதுமையின் கனிவு, அதாவது எந்த நினைவேக்கத்தை நாம் ஐயுறுகிறோமோ அதுவே, அப்பொறுப்பேற்புக்கு வழிதிறந்தது.

6. இரண்டாம் தலைமுறையின் ஏக்கம்

போருக்குப் பிந்திய தலைமுறையில் ஏக்கத்தின் பொருளே மாறியது. நியூயார்க்கில் ரிச்சர்ட் லுப்பாஃபும் பேட் லுப்பாஃபும் 1960 முதல் 1963 வரை 'ஜீரோ' இதழை நடத்தினர். அதன் முதல் இதழிலேயே சிறுவயதில் படித்த கேப்டன் மார்வெல் சித்திரக்கதை பற்றிய கட்டுரை வந்தது. வழக்கொன்றின் விளைவாக 1953இல் நிறுத்தப்பட்ட கதை அது. ஆகவே எழுதியவருக்கு அது உண்மையிலேயே இழந்த பொருள். அதனைத் தொடர்ந்து பிற சித்திரக்கதைகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் தொடராக வந்து 1970இல் நூலாயின. சித்திரக்கதையைத் தகுதியான ஆய்வுப்பொருளாகக் கருதும் போக்குக்கு இத்தொடர் முன்னோடிகளுள் ஒன்று.

இங்கு ஒரு வட்டம் நிறைவதையும் காணலாம். 'தி டைம் டிராவலர்' சிறுவர்களில் ஒருவரான ஷ்வார்ட்ஸ் அப்போது சித்திரக்கதை இதழ்களின் ஆசிரியர். 1960களின் தொடக்கத்தில் அவர் தம் கடிதப் பகுதிகளில் வாசகர்களின் முழு முகவரியை அச்சிடலானார். தாம் பதின்பருவத்தில் கெர்ன்ஸ்பேக்கின் இதழில் கண்ட வழக்கத்தையே அவர் பின்பற்றினார். சித்திரக்கதை ரசிகர் இயக்கம் அம்முகவரிகளால் வலுப்பெற்றது. ஏக்கம் இங்கு பின்னோக்கிய உணர்ச்சியாக நிற்கவில்லை. முன்னைய நிறுவன வடிவைப் புதிய தலைமுறைக்குக் கையளித்தது.

அக்கர்மன் 1958இல் ஆசிரியரான 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' ரசிகர் இதழன்று; கடைகளில் விற்ற வணிக இதழ். ஆயினும் ரசிகர் இதழின் குரலிலேயே அது சிறுவர்களோடு பேசியது. தம் இளமைக்கால மௌனப்படங்களை அக்கர்மன் அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஸ்டீபன் கிங் சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஒரு கதை அனுப்பினார். அது அப்போது அச்சேறவில்லை. அக்கர்மன் அதைப் பாதுகாத்து வைத்திருந்து, பல்லாண்டுகளுக்குப் பின் கிங்கிடமே காட்டிக் கையொப்பம் பெற்றார். சேகரிப்போனின் ஏக்கம் ஒரு சிறுவனின் தாளைக் காத்த நிகழ்வு இது.

வெளியாரின் சான்றாக ஃபிரெட்ரிக் வெர்தாமைக் கொள்ளலாம். சித்திரக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என 1954இல் நூலெழுதிப் பெரும் எதிர்ப்பைத் தூண்டிய உளமருத்துவர் அவர். 1973இல் ரசிகர் இதழ்களைப் பற்றி அவர் எழுதிய நூலோ அவற்றைப் பாராட்டியது. வணிகத் தலையீடின்றி இளையோர் தமக்குள் நடத்திய கருத்துப் பரிமாற்றத்தை அவர் மதித்தார். எதிர்ப்பாளராக அறியப்பட்டவரின் இம்மதிப்பீடு, ரசிகர்களின் தற்பெருமை முற்றிலும் கற்பனையன்று என்பதற்குத் துணைச்சான்றாகிறது.

7. ஏக்கம் விட்டுவைத்த இடைவெளிகள்

ஏக்கம் தேர்ந்தெடுத்தே நினைக்கும். முன் குறிப்பிட்ட பெயர்களில் பெரும்பாலானவை வெள்ளை ஆண்களுடையவை என்பது தற்செயலன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர்களிடையே மொரோஜோ என்னும் எஸ்பெராண்டோ பெயரால் அறியப்பட்ட மிர்ட்டில் டக்ளஸ், 1939 முதல் அக்கர்மனோடு இணைந்து 'வாய்ஸ் ஆஃப் தி இமேஜினேஷன்' என்னும் கடித இதழை நடத்தினார். தனியாகவும் ஓர் இதழ் கண்டார். 1939 மாநாட்டுக்கு அக்கர்மன் அணிந்துவந்த எதிர்கால உடையை வடிவமைத்துத் தைத்தவரும் அவரே. அவ்வுடை நெடுங்காலம் அக்கர்மனின் கதையாகவே சொல்லப்பட்டது. சியாட்டிலின் 'க்ரை ஆஃப் தி நேம்லெஸ்' இதழுக்காக 1960இல் ஹ்யூகோ விருது பெற்றவர்களுள் எலினார் பஸ்பியும் ஒருவர். அவ்விருது பெற்ற முதற்பெண் அவர். 1967இல் டெவ்ரா லாங்சாமும் ஷெர்னா காமர்ஃபோர்டும் தொடங்கிய 'ஸ்பாக்கனேலியா' ஸ்டார் டிரெக் தொடருக்கெனத் தோன்றிய முதல் ரசிகர் இதழ். பெண்களின் பெருவருகை இதன்பின் நிகழ்ந்தது. ஆனால் பழைய ரசிகர்களின் நினைவுக்குறிப்புகளில் அது பலகாலம் மரபின் தொடர்ச்சியாக அன்றி வெளியிலிருந்து வந்த வெள்ளமாகவே கருதப்பட்டது.

இன அடிப்படையிலான இடைவெளி மேலும் நுட்பமானது. 1950களில் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பின ரசிகர் இதழ்களில் எழுதிப் புகழ்பெற்றார். டெர்ரி காரும் நண்பர்களும் புனைந்த கற்பனை மனிதர் அவர் என்பது 1958இல் வெளிப்பட்டது. இது நெடுங்காலம் இனிய குறும்பாகவே நினைவுகூரப்பட்டது. எழுத்திலே மட்டும் பழகும் உலகில் எவரும் எவராகவும் இருக்கலாம் என்ற பெருமிதத்தோடு, அறியப்பட்ட கறுப்பின ரசிகர் கற்பனையாகவே இருக்கநேர்ந்த நிலையும் அக்குறும்பில் அடங்கியுள்ளது. 1999இல் அறிவியல் புனைகதையில் இனப் பன்மைக்காகத் தோன்றிய அமைப்பு கார்ல் பிராண்டன் பெயரையே சூடிக்கொண்டு அந்நினைவைத் திருப்பிப் படித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'சயன்சியர்ஸ்' சங்கத்தின் முதல் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட் கறுப்பினத்தவர் என்பதையும், ஹார்லெம் பகுதியில் இருந்த அவர் இல்லத்தில் கூட்டங்கள் நடந்தன என்பதையும் ஆலன் கிளாஸர் 1961இல் எழுதிய நினைவுக்குறிப்பு பதிவுசெய்கிறது. முதல் ரசிகர் சங்கங்களுள் ஒன்றின் தலைமை பற்றிய இச்செய்தி, ஒரு முதியவரின் இளமை நினைவில் தங்கியிருந்தது. ஆகவே, ஏக்கம் மறைப்பது மட்டுமன்று. பிறர் பொருட்படுத்தாததை வைத்திருப்பதும் உண்டு.

8. காப்பகமும் சந்தையும்

இவ்விதழ்களின் உடல் நலிந்துகொண்டே இருக்கிறது. மலிவான மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்து நொறுங்குகிறது. ஹெக்டோகிராஃப் மை ஒளி பட்டு வெளிறுகிறது. காத்தவர்களின் வாழ்நாள் முடியும்போது இரு வழிகளே திறக்கின்றன. மாஸ்கோவிட்ஸ் 1997இல் மறைந்தபின் அவரது சேகரிப்பு 1999இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அக்கர்மன் தம் இல்லத்தையே அருங்காட்சியகமாக்கிப் பார்வையாளர்களை வரவேற்றவர். அவர் சேகரிப்பும் அவர் வாழ்ந்தபோதும் 2008இல் மறைந்த பின்னரும் விற்பனையால் சிதறியது. மறுபுறம், ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பில் புரூஸ் பெல்ஸ், டெர்ரி கார் முதலியோரின் இதழ்கள் சேர்ந்துள்ளன. ரஸ்டி ஹெவலினின் தொகுப்பு அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்து எண்மப் படிகளாக மாற்றப்பட்டு வருகிறது.

ஏலத்தில் பிரிக்கப்படும் சேகரிப்பு தன் உள்தொடர்பை இழக்கிறது. யார் யாருக்கு எந்த இதழை அனுப்பினர், ஓரத்தில் என்ன குறித்தனர், எந்தக் கடிதம் எந்த இதழுக்கு மறுமொழி என்பன ஒரே கூரையின்கீழ் இருக்கும்வரையே புலப்படும். சீகல், ஷுஸ்டர் இதழின் ஒரு படிக்குச் சந்தையில் பெருவிலை கிடைக்கலாம்; பெயர்பெறாத சிறுவன் நடத்திய இதழுக்கு வாங்குவோர் இரார். புகழை அளவுகோலாகக் கொண்ட சந்தை, இம்மரபின் அடிப்படைப் பண்பாகிய பெயரறியா உழைப்பையே முதலில் கழித்துவிடுகிறது.

'ஜீரோ' இதழின் தேர்ந்த பகுதிகள் 2004இல் நூலாக வந்தபோது, திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் முன்னுரை எழுதினார். இளமையில் அவரும் அவ்விதழுக்கு எழுதியவர். அன்று முழுமையாக அறியப்படாத பெயர்களுள் ஒன்றாயிருந்தவர் புகழ்பெற்றமையால் அவர் நினைவு அச்சேறியது. புகழ்பெறாத பிறரின் நினைவு, அவர்தம் தாள்கள் உள்ளவரையே உளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, நிறுவனச் சான்றுகள் இல்லாத சிற்றிதழ் மரபில் நினைவேக்கமே முதல் ஆவணக்காப்பாளராகச் செயற்பட்டுள்ளது. அதனை விலக்கிவிட்டு வரலாறு எழுத இயலாது. இரண்டு, அதன் சார்பு அறியத்தக்க வடிவுடையது. நாளும் பெயரும் பெரும்பாலும் நிலைக்கின்றன. நோக்கமும் பழியும் தரப்புக்கேற்ப மாறுகின்றன. பெண்களும் கறுப்பினத்தவரும் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். எனவே ஒரு நினைவுக்குறிப்பை மற்றொன்றோடும், இரண்டையும் எஞ்சிய இதழ்ப்படிகளோடும் வைத்துப் படிப்பதே தக்க முறை. மூன்று, பிற்பட்ட நினைவு முற்பட்ட பதிவைத் திருத்துவதும் உண்டாதலால், காலவண்மை ஒன்றையே நம்பகத்தின் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

அச்சிறுவர்கள் எதிர்காலத்தைப் பற்றி எழுதியவற்றுள் பல நிகழவில்லை. ஆயினும் முகவரி ஒன்றைக் கண்டு அறியாத ஒருவருக்கு எழுதியதும், மைபடிந்த விரல்களால் ஐம்பது படிகள் எடுத்ததும், பிறர் அனுப்பியதை எறியாமல் வைத்ததும் நிகழ்ந்தவை. வரலாற்றாசிரியர்க்கு எஞ்சியிருப்பவை அவையே. அவற்றைக் காத்த தலைமுறை அருகிவரும் இவ்வேளையில், சந்தைக்குச் செல்லுமுன் சேகரிப்புகளை முழுமையாகக் காப்பகங்களுக்குக் கொணர்வதே இத்துறையின் முதற்பணியாகும்.